நித்திரையில் நிகழ்ந்த கொலை

நித்திரையில் எழுந்து நடப்போரைப் பற்றிச் சிறு பிராயத்தில் நாம் கேட்ட கதைகள் பல. அவை நகைப்பிற்குரியனவாகவே தோன்றின. ஆயின், நித்திரையில் ஒருவன் கொலையும் புரிந்தானென்றால்? கனடா நாட்டிலே இவ்வினா வெறுங் கற்பனையாய் நின்றுவிடவில்லை.

1987ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி அதிகாலையில், பார்க்ஸ் என்னும் இளைஞர் தம் இல்லத்தினின்றும் புறப்பட்டு, ஏறத்தாழ 23 கிலோமீற்றர் தூரம் மோட்டார் வண்டியைச் செலுத்திச் சென்று, மாமியாரைக் கொன்றார், மாமனாரைப் படுகாயப்படுத்தினார். பின்னர்ப் பொலிஸ் நிலையத்துக்குத் தாமே சென்று, சிலரைக் கொன்றுவிட்டதாக எண்ணுகிறேன் என்றார். அவர் கைகளின் தசைநாண்கள் அறுபட்டிருந்தன. நோவை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. மாமியாரோடு பகையேதும் இருந்ததில்லை. சூதாட்டக் கடன் மட்டும் மிகுந்திருந்தது.

வீதி விளக்குகளையும் திருப்பங்களையும் கடந்து இத்துணைத் தூரம் ஒருவன் உறங்கியவாறே செல்லக்கூடுமா? இவ்விடத்தில் என் மனமும் நம்ப மறுத்தது. ஆனால், ஆழ்ந்த உறக்கத்திலே உடலை இயக்கும் மூளைப்பகுதி விழித்திருக்க, ஆராய்வும் நினைவும் உறங்கிக் கிடத்தல் கூடும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. ஐந்து நிபுணர்கள் அவ்வாறே சாட்சியம் பகர்ந்தனர். அதனை மறுக்க அரசதரப்பு ஒரு மருத்துவரையேனும் அழைக்கவில்லை.

குற்றத்துக்குத் தீய எண்ணம் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். அதற்கும் முன்னதாக, செயல் செய்தவனுடைய செயலாக இருத்தல் வேண்டும். வலிப்பிலே துள்ளிய கை எவருடைய செயலைச் செய்தது? பார்க்ஸ் விடுதலையானார், 1992இல் கனடாவின் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது.

இங்கிலாந்திலோ நிலைமை வேறு. நித்திரையில் ஒரு பெண்ணைப் போத்தலால் தாக்கிய பேர்ஜஸ் என்பவரின் வழக்கில், காரணம் உள்ளிருந்து எழுந்தமையால் அது சித்தக்கோளாறே என 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கொண்டது. அவர் குற்றவாளியல்லர், ஆயினும் மருத்துவமனைக் காவலே அவருக்குக் கிட்டியது.

உள், புறம் என்னும் இப்பாகுபாடு எனக்கு உவப்பானதன்று. நீரிழிவு நோயாளி இன்சுலின் ஏற்றிக்கொண்டதால் தன்னிலை இழந்தால், அது புறக்காரணம் என்று 1973இல் தீர்த்தனர். மற்றொரு நோயாளி, அம்மருந்தை ஏற்றிக்கொள்ளாமையால் தன்னிலை இழந்ததாகச் சொன்னபோது, அது சட்டத்தின் கண்ணில் சித்தக்கோளாறு என்று 1989இல் தீர்த்தனர். நோயோ ஒன்றே.