தேக்காக் கடை மார்மைட்டும் பம்பாய் மில் பெண்களும்

"உடம்புல ரத்தமே இல்லை, வெளுத்துப் போச்சு" என்று நம் தோட்டத்துப் பெண்கள் சொல்வதைத்தான் டாக்டர்கள் இரத்தசோகை என்கிறார்கள். நாலு மரம் வெட்டுவதற்குள் மூச்சு வாங்கும், தலை சுற்றும், கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளிறியிருக்கும். வேலைக் களைப்பு என்று நினைத்து வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

சிங்கப்பூர் தேக்காவுக்குச் சாமான் வாங்க வருகிறவர்கள், கடை அலமாரியில் கறுப்புக் களிம்பு போன்ற மார்மைட் புட்டியைப் பார்த்திருப்பார்கள். ஈஸ்ட்டிலிருந்து எடுக்கிற சாறு அது. அதற்குப் பின்னால் நம்மைப் போன்ற உழைப்பாளிப் பெண்களின் கதை ஒன்று உண்டு.

1928-ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில டாக்டரம்மா பம்பாய்க்கு வந்தார். துணி மில்களில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலர், பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும்போது கடும் சோகை கண்டு இறந்துகொண்டிருந்தார்கள். கிருமியா என்று தேடினார்; அகப்படவில்லை. பிறகு, அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று விசாரித்தார். அங்கேதான் விஷயம் இருந்தது. அதே அரைகுறைச் சாப்பாட்டால் சோகை கண்ட குரங்குக்கு மார்மைட் கொடுத்தார், தேறியது. பெண்களுக்கும் கொடுத்தார், அவர்களும் தேறினார்கள். 1931-ல் இதை எழுதி வெளியிட்டார். மலிவான பொருள் என்பதுதான் இதில் பெரிய காரியம். அதிலிருந்த சத்துக்கு அப்போது பெயர் கிடையாது. 1941-ல் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தவர்கள், இலை என்று பொருள்படும் லத்தீன் சொல்லைக் கொண்டு ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

அப்படியானால் மார்மைட் ஒன்றே போதுமா? போதாது. சோகைகளில் அதிகம் காண்பது இரும்புச்சத்துக் குறைவால் வருவது. மாதவிலக்கு, அடுத்தடுத்த பிரசவம், வெறுங்காலில் நடக்கும்போது பாதத்தின் வழியே புகும் கொக்கிப் புழு, எல்லாம் சேர்ந்து இரத்தத்தைக் குறைக்கின்றன. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் அம்மா. சட்டியில் மீனும் கறியும் தீர்ந்து, குழம்புதான் அவளுக்கு மிஞ்சும். பிரசவத்தில் இரத்தம் போகும்போது, சோகை பிடித்த உடம்பு அதைத் தாங்காது.

ஆட்டு ஈரல், இறைச்சி, மீன், நெத்திலி இவற்றிலுள்ள இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும். முருங்கைக்கீரை, பயறு, கேழ்வரகிலும் இரும்பு உண்டு, ஆனால் சேருவது குறைவு. கூடவே எலுமிச்சைச் சாறோ கொய்யாவோ இருந்தால் கூடுதலாகச் சேரும். பிள்ளைத்தாய்ச்சிகள் ஈரலை அடிக்கடி தின்ன வேண்டாம். அதில் வைட்டமின் ஏ அளவுக்கு மீறி இருக்கிறது. கீரையை நெடுநேரம் வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டினால் ஃபோலிக் சத்தும் அதோடு போய்விடும். சுத்த சைவக்காரர்களுக்குப் பி 12 வைட்டமின் குறையலாம். பால், தயிர் விடக் கூடாது.

நம் ஜனங்களுக்குக் கஷ்டமான விஷயம் ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடிப்பதை நிறுத்த வேண்டும். தேயிலை இரும்பைச் சேரவிடாது. ஒரு மணி நேரம் பொறுத்துக் குடியுங்கள். இரும்பு மாத்திரைக்கும் இதே கணக்குத்தான். மாத்திரை தின்றால் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம்.

"ஸ்டவுட் குடிச்சா ரத்தம் ஊறும்" என்று பிள்ளை பெற்றவளுக்குக் கறுப்பு பீர் வாங்கிக் கொடுக்கும் வழக்கம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து வந்திருக்கிறது. அதிலுள்ள இரும்பு சொற்பம். பீட்ரூட்டும் சிவப்பாக இருப்பதாலேயே இரத்தமாகிவிடாது.

மாத்திரையைக் கடையில் தானாக வாங்கித் தின்ன வேண்டாம். தலசீமியா என்ற பரம்பரைக் கோளாறிலும் இரத்தம் குறையும். அப்போது இரும்பு தேவையில்லாமல் சேர்ந்தால் கெடுதல். முதலில் இரத்தம் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். 100 மில்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆணுக்கு 13 கிராம், பெண்ணுக்கு 12, கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. அந்த எண்ணைச் சீட்டில் எழுதி வாங்கி வைத்திருந்தால், அடுத்த தடவை போகும்போது ஏறியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.