தாளிக்கும் முன்னே ஒரு பங்கு
முற்றத்து உயிர்கள் – 9

தாயிடமிருந்து குட்டியை எந்த வயதில் பிரிக்கலாம் என்று சென்ற கிழமை பார்த்தோம். பிரித்துக் கொண்டுவந்த குட்டிக்கு என்ன கொடுப்பது என்பதுதான் அடுத்த கவலை. எங்கள் வீட்டில் அது ஒரு டின்மீனில் தொடங்கியது.

கறுவா வந்தது ஓர் ஐப்பசி மழையில். ரத்தோட்டைக்கு மேலே, தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவள். காய்ந்த கறுவாப்பட்டையின் நிறம், அதனால் அந்தப் பெயர். வயது எட்டுக் கிழமை, எடை மூன்று கிலோ. மூன்றாம் நாள் இரவு அம்மா டின்மீன் குழம்பில் சோற்றைப் பிசைந்து சிரட்டையில் வைத்தார். கறுவா நக்கிய நக்கில் சிரட்டை வாசல்வரை நகர்ந்து போனது. “என்னமா சாப்பிடுது பாரு” என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். இரவு இரண்டு மணிக்கு வயிற்றோட்டம் தொடங்கியது. விடிவதற்குள் நான்கு தடவை. சாக்கில் சுருண்டு கிடந்தவளின் வயிற்றில் கை வைத்தேன். உள்ளே குடல் உருள்வது விரலுக்குத் தெரிந்தது.

மாத்தளை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. மலைத் தோட்டங்களுக்குப் பச்சை மீன் வருவது மீன்காரரின் வண்டியை நம்பித்தான். வண்டி வராத நாளில் கைகொடுப்பவை கருவாடும் டின்மீனும். கடையில் “ஒரு செமன் குடுங்க” என்றுதான் கேட்போம். சால்மன் என்ற பெயர் நம் வாயில் செமனாகி நிலைத்துவிட்டது. டின்னில் ஒட்டிய தாளை வாசித்தால் பெரும்பாலும் மெக்கரல் என்றுதான் இருக்கும். பெரிய டின் 425 கிராம், சின்னது 155 கிராம். ஒரு பெரிய டின்னில் ஒரு குடும்பத்தின் இரவுச் சாப்பாடு முடிந்துவிடும். அதில் நாய்க்கும் ஒரு வாய் கொடுக்க நினைப்பது நல்ல மனசு.

மறுநாள் காலையில் டவுனில் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோனோம். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னார். “மீன்ல பிழை இல்லம்மா, கறியிலதான் பிழை” என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்தைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரையே நிற்கிறது.

கறியில் என்ன இருந்தது? மிளகாய்த்தூள், தேங்காய்ப்பால், உப்பு, பூண்டு, ஒரு கை வெங்காயம். தாய்ப்பாலை அப்போதுதான் மறந்த குடலுக்குக் காரமும் தேங்காய்ப்பாலின் கொழுப்பும் பெரும் பாரம். ஆனால், வயிற்றோட்டத்தோடு போகாத தீங்கு வெங்காயத்திலும் பூண்டிலும்தான் இருக்கிறது. இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் சிவப்பு இரத்த அணுக்களைச் சிதைக்கின்றன. வதக்கினாலும் அவித்தாலும் பொடியாக்கினாலும் அந்த நஞ்சு போவதில்லை. நாயின் ஒரு கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயமே இரத்தத்தில் மாற்றத்தை உண்டாக்கப் போதும். மூன்று கிலோக் குட்டிக்கு அரை வெங்காயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈறு வெளிறுவதும், சோர்வும், கருஞ்சிவப்புச் சிறுநீரும் சில நாள் கழித்தே தெரியவரும். அதனால் என்றோ தின்ற கறியை யாரும் சந்தேகிப்பதில்லை. தம்புள்ளை, கலேவெலப் பக்கம் பம்பாய் வெங்காயம் விளைகிற மாவட்டம் இது. வெங்காயம் இல்லாத சட்டி நம் வீடுகளில் ஏது?

மீனை மட்டும் தனியே எடுத்தால் அது நல்ல உணவுதான். டின்னை மூடியபின் 115 முதல் 121 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் அழுத்தத்தோடு வேகவைக்கிறார்கள். அதனால் நடுமுள்கூட விரலால் நசுக்கினால் மாவாகிவிடும். நல்ல புரதம், தோலுக்கும் மூளைக்கும் உதவும் ஒமேகா-3 கொழுப்பு, முள்ளிலிருந்து கல்சியம் எல்லாம் கிடைக்கும். பச்சை மீன் சிலவற்றில் பி1 விற்றமினை அழிக்கும் நொதி ஒன்று உண்டு. வெந்த மீனில் அந்தப் பயமும் இல்லை.

வயிறு தேறிய பிறகு நாங்கள் செய்தது இதுதான். தக்காளிச் சோஸில் போட்ட டின்னை விட்டு, உப்புநீரில் போட்டதையே வாங்கினோம். நீரை வடித்து, ஒரு துண்டை நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலசினோம். உப்பில் ஒரு பகுதி அதோடு போய்விடும். முள்ளோடு மசித்து, உப்பும் தேங்காய்ப்பாலும் சேர்க்காமல் குழைய வடித்த சோற்றில் பிசைந்தோம். முதல் நாள் ஒரு தேக்கரண்டி மீன் மட்டும். அடுத்த இரண்டு நாள் மலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கெட்டியாக இருந்ததால் மறுபடி கொடுத்தோம். இப்போதும் கிழமைக்கு ஒரு தரமோ இரு தரமோதான். அன்றைய சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட விடுவதில்லை. வயிறு இளகிய குட்டிக்குப் புதிய உணவு ஒவ்வொன்றாகத்தான் போக வேண்டும். ஒரே நாளில் பாலும் மீனும் முட்டையும் கொடுத்தால், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வழியில்லை.

உப்பிய டின்னையும், திறந்து வெளியே வைத்துப் பழசான மீனையும் “நாய்க்குத்தானே” என்று போடாதீர்கள். மெக்கரல் வகை மீன் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு ஊறும். திரும்பக் கொதிக்கவைத்தாலும் அது அழியாது.

எல்லா வயிற்றோட்டமும் சாப்பாட்டால் வருவதல்ல. தாயின் வயிற்றிலிருந்தே குட்டிக்கு வருகிற வட்டப்புழு ஒரு காரணம். அதைவிடக் கொடியது 1978இல் முதலில் அறியப்பட்ட பார்வோ வைரஸ். மலத்தில் இரத்தம், விடாத வாந்தி, தண்ணீர்கூடக் குடிக்காத சோர்வு என்றால் சோறு மாற்றிப் பார்த்துக்கொண்டு ஒரு நாளையும் கடத்தாதீர்கள். குட்டிக்குத் தடுப்பூசி போடாதிருந்தால் இன்னும் அவசரம். பக்கத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குப் போங்கள். முடியாத நிலையென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலை இருக்கிறது. சிகிச்சை கிடைக்காத பார்வோக் குட்டிகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை.

நாய்க்குக் கடைசியில்தான் சாப்பாடு என்பது நம் வீடுகளின் பழக்கம். எல்லோரும் தின்று முடித்து, சட்டியை வழித்து, அந்தக் குழம்போடு கொஞ்சம் சோறு. நாள் முழுக்க உழைத்து, இருப்பதைப் பகிர்ந்து வாழ்ந்தவர்களின் வழக்கம் அது. அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் குட்டியின் பங்கு கடைசியில் வரும்போது, சட்டியிலிருக்கும் எல்லாமும் அதோடு சேர்ந்து வருகிறது.

இப்போது எங்கள் குசினியில் டின் திறக்கும் சத்தம் கேட்டால் கறுவா கதவடிக்கு வந்து உட்கார்ந்துகொள்வாள். அம்மா மீனை வடிகட்டியில் கொட்டி, ஒரு துண்டைச் சின்னக் கோப்பையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் வெங்காயத்தையும் கத்தியையும் கையில் எடுப்பார்.

(தொடரும்)

அடுத்த கிழமை: பூச்சி மருந்து – எப்போது, எத்தனை தரம்?