நலங்கு மாவுக்கு எந்த உறை?

எட்டாம் வகுப்பில் ஒளி எதிரொளிப்பு நடத்திக்கொண்டிருந்த வாரம். மாணவி ஒருத்தி ஒரு பிளாஸ்டிக் பாக்கெட்டைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். உள்ளே அவள் அம்மாவின் மகளிர் குழு அரைத்த நலங்கு மாவு. கடை வாசலில் இரண்டு வாரம் தொங்கியதில் வெயில் பட்ட பக்கம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. "பழைய மாவுன்னு கடைக்காரர் எல்லாத்தையும் திருப்பிக் கொடுத்துட்டாரு சார்" என்றாள். அரைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் வெளிச்சம் பட்டால் சிதையும். உள்ளே இருப்பது தெரியட்டும் என்று நல்லெண்ணத்தோடு வாங்கிய கண்ணாடிக் கவர்தான் காரணம். இதையே வகுப்பின் செயல்திட்டமாக்கினோம்: இந்த மாவுக்கு எந்த உறை, எந்த நிறம், எந்த மெருகு?

பனமலைத் தெருக்களிலும் வீடுகளிலும் கிடைத்த காலி அழகுப்பொருள் உறைகளைக் கழுவிக் கொண்டுவரச் சொன்னேன். வந்து குவிந்தவற்றில் பாதி ஷாம்பு சாஷே. சாஷே நம் பக்கத்துக் கதைதான். கடலூரில் சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு உறைகளில் அடைத்து விற்றார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பாட்டில் வாங்க முடியாத வீடுகளுக்குள் ஷாம்பு நுழைந்தது இப்படித்தான்.

சாஷேயை நாணயத்தால் சுரண்டினார்கள், மை வரவில்லை. வெளியே இருப்பது தெளிவான பிளாஸ்டிக் படலம். அதன் உட்பக்கத்தில் எழுத்தைத் தலைகீழாக அச்சிட்டு, பின்னால் அலுமினிய ஆவி படிந்த இன்னொரு படலத்தையும், சூட்டில் ஒட்டும் பாலித்தீனையும் சேர்த்துவிடுகிறார்கள். மை நடுவில் சிறைப்பட்டுக் கிடக்கிறது. ஒளி ஊடுருவும் சிவப்பு மையை நேரே அலுமினியத்தின்மேல் வைத்தால் உலோகம்போல் மின்னும். இடையில் வெள்ளை மை கொடுத்தால் மினுக்கம் போய், நிறம் அடர்த்தியாகத் தெரியும். வெள்ளி, சிவப்பு என்று நாம் பார்ப்பதெல்லாம் இந்த அடுக்கு வேலைதான். இத்தனை அடுக்கு ஒட்டியிருப்பதால்தான் சாஷேயை மறுசுழற்சி செய்வது கடினம் என்பதையும் அன்றே பேசினோம்.

அட்டைப் பெட்டிகளைப் பளபளப்பானவை, மங்கல் மெருகு உள்ளவை என்று பிரித்து டார்ச் அடித்தோம். பளபளப்பில் வெளிச்சம் ஒரே திசையில் திரும்பி எழுத்தை மறைத்தது: ஒழுங்கான எதிரொளிப்பு. மங்கலில் வெளிச்சம் சிதறி, எழுத்து எந்தப் பக்கமிருந்தும் தெரிந்தது. கரும்பலகையில் படம் போட்டு நான் இரண்டு பாடவேளை சொன்னது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஆனால் அடர்நிற மங்கல் பெட்டியில் எண்ணெய்க் கை பட்டால் தடம் நிற்கிறது என்று ஒரு பையன் காட்டினான். எனக்கு அது தோன்றவே இல்லை.

நிறவாரியாகப் பிரித்தபோது வேம்பு பச்சையில், சந்தனம் மஞ்சளில், முகக் கிரீம் பெரும்பாலும் வெளிர் ரோஜாவிலும் வெள்ளையிலும். 1975இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்ட செய்தியைச் சொன்னேன். நம் உறையில் யார் முகமும் வேண்டாம் என்று பிள்ளைகளே முடிவெடுத்தார்கள்.

சண்டை தங்க எழுத்தில்தான் வந்தது. "தங்கம் இருந்தாதான் சார் கையில எடுப்பாங்க" என்றார்கள். தவறில்லை. ஆனால் தங்கத் தாளைச் சூட்டோடு அழுத்தத் தனி உலோக அச்சு செய்ய வேண்டும். சாஷே அச்சுக்கோ நிறத்துக்கு ஓர் உருளை செதுக்க வேண்டும். லட்சக்கணக்கில் அடிப்பவர்களுக்குத்தான் அது கட்டும். குழு மாதம் விற்பது சில நூறு பாக்கெட். கணக்குப் போட்டபின் தங்கத்தை அவர்களே அடித்துவிட்டார்கள். வெளியே பழுப்புக் காகிதம், உள்ளே அலுமினியத் தாள் உள்ள ஆயத்தப் பை. அதன்மேல் ஒட்டும் லேபிள் என்று முடிவாயிற்று. வெளிச்சமும் ஈரமும் உள்ளே போகாது.

பழுப்புப் பையிலேயே மஞ்சள் வண்ணம் தீட்டிப் பார்த்தபோது சேற்று நிறமாயிற்று. வெள்ளை பூசிக் காய்ந்தபின் தீட்டியதும் மஞ்சள் மஞ்சளாக நின்றது. அந்தச் சனிக்கிழமை வகுப்பை மலைமேல் தாளகிரீசுவரர் கோயிலுக்கு அழைத்துப் போனேன். காஞ்சி கைலாசநாதரைக் கட்டிய அதே ராஜசிம்மப் பல்லவன் எழுப்பியது. சிற்றாலயச் சுவரில் குடைநிழலில் நிற்கும் தேவியின் ஓவியம் சிதைந்த நிலையில் இன்னும் இருக்கிறது. வண்ணம் உதிர்ந்த இடங்களில் சுண்ணாம்புப் பூச்சைக் காட்டினேன். "இவங்களும் முதல்ல வெள்ளைதான் பூசியிருக்காங்க" என்றாள் பாக்கெட் கொண்டுவந்தவள். 1,300 ஆண்டுக்கு முந்திய வேலை அது. ஒருவரையும் கை வைக்க விடவில்லை.

லேபிளில் பெயர், நிகர எடை, தயாரித்தவர் முகவரி, தொகுதி எண், எந்த நாளுக்குள் பயன்படுத்த வேண்டும், விலை எல்லாம் எழுதினார்கள். கடை உறைகளோடு ஒப்பிட்ட ஒருவன், "உரிம எண் எங்க சார்?" என்றான். அழகுப்பொருளை விற்பனைக்குத் தயாரிக்க உரிமம் வேண்டும், குழுவிடம் இல்லை. அந்த அம்மாவை அழைத்துச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "எங்க போய்க் கேக்கணும் சார், எழுதிக் கொடுங்க" என்றார். விண்ணப்பம் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. லேபிளின் கீழ் ஓரத்தில் அந்த எண்ணுக்கு ஒரு விரல் அகல இடம் விட்டு வைத்திருக்கிறோம்.