கோழிக் கம்பெனி வாங்கின ஃபுட்பால் கிளப்பும், சித்தப்பாவோட ரைஸ் மில்லும்

வழக்கமா இந்தப் பக்கத்துல எஸ்ஐபி, டேர்ம் இன்சூரன்ஸ், பழைய ரெஜிமா புது ரெஜிமா, இதுதான் ஓடும். இன்னிக்கு ஃபுட்பால். சேனல்ல பத்து நிமிஷத்துல சொல்லி முடிச்ச விஷயம்தான். ஆனா வீடியோல சொல்லாம விட்ட வீட்டு விஷயம் ஒண்ணு இருக்கு, அதையும் சேர்த்து எழுதறேன்.

எனக்கு மண்ணச்சநல்லூர். திருச்சிக்காரங்களுக்கு சொல்லவே வேண்டாம், மத்தவங்களுக்காக: சத்திரம் பஸ் ஸ்டாண்டுல துறையூர் பஸ் ஏறினா, கொள்ளிடம் பாலம் தாண்டி கொஞ்ச நேரத்துல புழுங்கல் வாசனை வரும். அங்க இறங்கிடலாம். ஊர் முழுக்க ரைஸ் மில். பொன்னி அரிசி மூட்டையில எங்க ஊர் பேரை நீங்க எங்கேயாவது பார்த்திருப்பீங்க. தாத்தா ஆரம்பிச்ச சின்ன மில் ஒண்ணை சித்தப்பா இன்னும் ஓட்டிட்டு இருக்கார். வேலை விஷயமா மான்செஸ்டருக்கு மூணு வாரம் கிளம்பறதுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, ஒரு சார்ட்டெக்ஸ் மிஷின் பழசு ஒண்ணு வருது. 12 லட்சம். நீ போட்டா பார்ட்னரா சேர்த்துக்கறேன். தாத்தா பேரு நிக்கும்."

சார்ட்டெக்ஸ்னா கறுப்பு அரிசி, பழுப்பு அரிசியை கேமரா வச்சுப் பிரிக்கிற மிஷின். அது இல்லாத மில் அரிசியை இப்போ கடைக்காரங்க சீண்டறதே இல்ல. வந்து சொல்றேன் சித்தப்பான்னு சொல்லிட்டு ஃப்ளைட் ஏறிட்டேன். 12 லட்சம்னா என் எமர்ஜென்சி ஃபண்டும் வீட்டுக்குச் சேர்த்த டவுன் பேமெண்டும் சேர்த்து கிட்டத்தட்ட மொத்தமும்.

சனிக்கிழமை லீவு. மான்செஸ்டர் போறவங்க எல்லாரும் ஓல்ட் ட்ராஃபோர்டு போய் செல்ஃபி எடுப்பாங்க. நான் விக்டோரியா ஸ்டேஷன்ல ரயில் ஏறி போல்டன் வழியா பிளாக்பர்ன் போனேன். ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடலாம். காரணம் சிம்பிள்: அங்க இருக்கற பிளாக்பர்ன் ரோவர்ஸ் கிளப்போட ஓனர் நம்ம நாட்டுக்காரங்க. பூனே வெங்கீஸ். ஆமா, அதே கோழிக் கம்பெனிதான்.

பிளாக்பர்ன் ஒரு லட்சத்துச் சொச்சம் பேர் இருக்கற ஊர். ஒரு காலத்துல பருத்தி நெசவு மில்களுக்குப் பேர் போனது. பழைய மில் கட்டடங்கள், செங்கல் வீட்டு வரிசை, கால்வாய். ஊரே மில்லை நம்பி வாழ்ந்து, மில் போனதும் என்ன பண்றதுன்னு முழிச்ச ஊர். பக்கத்து ஊர் டார்வெனுக்கு 1931 செப்டம்பர்ல காந்தி வந்திருக்கார். நம்ம அந்நியத் துணி பகிஷ்காரத்தால வேலை போனவங்களை அவங்க ஊர்லயே போய்ப் பார்த்தார். அவங்களும் அவரை நல்லபடியாத்தான் வரவேற்றாங்க. ஸ்டேடியம் ஓரமா ஓடற டார்வென் ஆறு அந்த ஊர்ல இருந்துதான் வருது.

கிளப் ஆரம்பிச்சது 1875. 1888ல இங்கிலாந்து ஃபுட்பால் லீகை ஆரம்பிச்ச 12 கிளப்ல இதுவும் ஒண்ணு. எஃப்ஏ கப் ஆறு தடவை. 1890ல இருந்து ஈவுட் பார்க்தான் வீடு. பாதி நீலம் பாதி வெள்ளை ஜெர்சி. சட்டையை நடுவுல கிழிச்சு வேற துணி வச்சுத் தைச்ச மாதிரி இருக்கும், ஆனா பார்க்கப் பார்க்கப் பிடிச்சிடும்.

ஸ்டேடியத்துல ஜாக் வாக்கருக்கு சிலை வச்சிருக்காங்க. ஒரு ஸ்டாண்டுக்கும் அவர் பேர்தான். உள்ளூர்க்காரர், ஸ்டீல் கம்பெனியை 300 மில்லியன் பவுண்டுக்கு மேல வித்தவர். 1991ல கிளப்பை கையில எடுத்தார். ஸ்டேடியத்தை இடிச்சுக் கட்டினார், கென்னி டால்க்லிஷை மேனேஜரா கொண்டுவந்தார், ஆலன் ஷியரரை சுமார் மூன்றரை மில்லியனுக்கு வாங்கினார். 1995ல ரோவர்ஸ் பிரீமியர் லீக் சாம்பியன். மறு வருஷம் ஷியரரை நியூகாசிலுக்கு 15 மில்லியனுக்கு வித்தாங்க, அன்னிக்கு அது உலக ரெக்கார்டு. வாக்கர் 2000ல இறந்துட்டார். அவரோட டிரஸ்ட் பத்து வருஷம் கிளப்பை வச்சிருந்துட்டு, 2010 நவம்பர்ல வித்துட்டாங்க. வாங்கினது வெங்கீஸ். விலை 23 மில்லியன் பவுண்டு, அன்னிக்கு ரேட்ல சுமார் 165 கோடி. கிளப்போட கடன் தனி.

டீமேட் வச்சிருக்கறவங்களுக்கு ஒரு சின்ன விஷயம்: என்எஸ்இல இருக்கற வெங்கீஸ் இந்தியா ஷேர் வாங்கினா உங்களுக்கு கிளப்ல பங்கு கிடைக்காது. கிளப்பை வச்சிருக்கறது குரூப்போட வேற கம்பெனி.

அதுக்கப்புறம் நடந்தது ஒரு கேஸ் ஸ்டடி. ஒரு மாசத்துக்குள்ள அனுபவமான மேனேஜர் சாம் அலார்டைஸை தூக்கினாங்க. டீம் அப்போ 13வது இடத்துல பத்திரமாத்தான் இருந்தது. ரொனால்டினோவை கூட்டிட்டு வரப்போறோம்னு பேச்சு அடிபட்டது. வரல. பிளேயர்ஸ் டிரெஸ்ஸிங் ரூம்ல சிக்கன் சாப்பிடற மாதிரி ஒரு விளம்பரம் மட்டும் வந்தது. 2012 மே 7, சொந்த மைதானத்துல விகன்கிட்ட 1-0 தோத்து பிரீமியர் லீக்ல இருந்து கீழே இறங்கினாங்க. அந்த மேட்ச்ல ரசிகர் யாரோ கிளப் கொடியைப் போர்த்தி ஒரு உயிருள்ள கோழியை மைதானத்துல விட்டுட்டாங்க. அது பாட்டுக்கு உலாத்திட்டு இருந்தது.

கீழே இறங்கறதுன்னா என்னன்னு ஐபிஎல் மட்டும் பார்க்கறவங்களுக்குப் புரியாது. ஐபிஎல்ல பத்தாவது இடம் வந்தாலும் அடுத்த வருஷம் அதே லீக்தான். இங்கிலாந்துல கடைசி மூணு டீம் அடுத்த டிவிஷனுக்குப் போயிடும். டிவி பணம் சுமார் பத்துல ஒரு பங்காயிடும். ஆனா பிளேயர்ஸ் சம்பளம் பெரிய வரவை நம்பி கையெழுத்துப் போட்டது. விழற அதிர்ச்சியைத் தாங்க சில வருஷம் ஒரு உதவித்தொகை தருவாங்க. அதுக்குப் பேரே பாராசூட் பேமெண்ட். அதுவும் தீர்ந்துட்டா ஓனர் பாக்கெட்தான். இந்த ரெண்டாவது டிவிஷன்ல பல வருஷங்கள்ல மொத்த கிளப்களையும் சேர்த்துப் பார்த்தா, நூறு ரூபாய் வரவுக்கு நூறுக்கு மேல சம்பளமே போயிருக்கு. கரண்ட் பில், புல்தரை, பஸ் செலவெல்லாம் அதுக்கப்புறம். உங்க கிளையண்ட் ஒருத்தர் இப்படி பேலன்ஸ் ஷீட் கொண்டுவந்தா, உட்கார வச்சு காபி குடுத்து மெதுவாப் பேசுவீங்க.

ஹென்னிங் பெர்க் கதையையும் கேளுங்க. 2012 அக்டோபர் கடைசியில மேனேஜரா சேர்த்தாங்க. 57 நாள்ல அனுப்பிட்டாங்க. அவர் கான்ட்ராக்ட்ல, இடையில அனுப்பினா மிச்ச காலத்துச் சம்பளம் தரணும்னு கிளாஸ் இருந்தது. கோர்ட்டுக்குப் போய் 2.25 மில்லியன் பவுண்டு வாங்கிட்டார். அடுத்து வந்தவர் 67 நாள். ஆஃபர் லெட்டர்ல நோட்டீஸ் பீரியட் பக்கத்தைப் படிக்காம கையெழுத்துப் போடற என் தம்பி தங்கச்சிங்களுக்கு இந்த ஒரு பாராவை மட்டும் பிரிண்ட் எடுத்துக் குடுக்கலாம்.

2017ல மூணாவது டிவிஷனுக்கே போனாங்க. பிரீமியர் லீக் ஜெயிச்ச கிளப் ஒண்ணு அவ்வளவு கீழே போனது அதுதான் முதல் தடவை. அடுத்த வருஷமே மேலே ஏறிட்டாங்க, அது வேற விஷயம். வெங்கீஸ் இதுவரைக்கும் கடனாவும் மூலதனமாவும் போட்டது 200 மில்லியன் பவுண்டுக்கு மேலன்னு கணக்கு சொல்றாங்க. 23க்கு வாங்கி, 200க்கு மேல ஊத்தியிருக்காங்க. நடுவுல அந்தப் பணம் அனுப்பறதுலயும் சிக்கல் வந்தது. இங்க நடந்த ஒரு விசாரணை காரணமா, டெல்லி உயர் நீதிமன்றத்துல அனுமதி வாங்கி, பேங்க் கியாரண்டி வச்சு அனுப்ப வேண்டிய நிலைமை வந்தது.

அப்போ கிளப் காசுக்கு என்ன பண்ணும்? பிள்ளைகளை விக்கும். இங்க கொஞ்சம் அக்கவுண்டிங், பொறுத்துக்கோங்க. ஒரு பிளேயரை 10 மில்லியனுக்கு அஞ்சு வருஷ கான்ட்ராக்ட்ல வாங்கினா, வருஷத்துக்கு 2 மில்லியன் செலவா எழுதணும். மூணு வருஷம் கழிச்சு புத்தகத்துல மதிப்பு 4. அப்போ 9க்கு வித்தா லாபம் 5. ஆனா சொந்த அகாடமில வளர்ந்த பையனுக்கு வாங்கின விலையே கிடையாது. புத்தக மதிப்பு பூஜ்யம். வித்த காசு முழுக்க லாபம். ஆடம் வார்ட்டன்னு ஒரு பையன், அதே ஊர்ல பிறந்து சின்ன வயசுலயே அகாடமிக்கு வந்தவன். 2024 பிப்ரவரில கிரிஸ்டல் பேலஸுக்கு 18 மில்லியனுக்கும் மேல எதிர்பார்ப்போட வித்தாங்க. புத்தகத்துல அழகா இருக்கும். ஊர்க்காரனுக்கு வலிக்கும். நஷ்ட வரம்பு விதி வேற இருந்ததால, பாரம்பரிய கிளப்கள் பலவும் சொந்தப் பசங்களை விக்கற பக்கம் சாஞ்சாங்க. வீட்டு நகையை வித்து வீட்டுச் செலவு பண்ற மாதிரின்னு எனக்குத் தோணும்.

மேட்சுக்கு டிக்கெட் சுமார் முப்பது பவுண்டு. பக்கத்து சீட்ல எழுபது தாண்டின ஒரு பெரியவர். அவங்க அப்பா நெசவு மில்லுல வேலை பார்த்தவராம். சின்ன வயசுல இருந்து இதே மைதானம். என்னை "லேட்"னுதான் கூப்பிட்டார். நம்ம ஊர் தம்பி மாதிரி ஒரு வார்த்தை அது. எந்த ஊருன்னு கேட்டார். இந்தியான்னு சொன்னதும் முகம் லேசா மாறிச்சு. "பூனேயா?" இல்லீங்க, அங்க இருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல தெற்கேன்னு சொன்னப்புறம்தான் சிரிச்சார்.

திட்டுவார்னு எதிர்பார்த்தேன். திட்டினார்தான். கோச்சை, ரெஃப்ரியை, மழையை. ஓனரைப் பத்திக் கேட்டப்போ கொஞ்சம் யோசிச்சார். "பரி என்ன ஆச்சு தெரியுமா?"ன்னார். பக்கத்துல இருக்கற பரி கிளப், 1885ல ஆரம்பிச்சது, பணம் இல்லாம 2019ல லீக்ல இருந்தே நீக்கிட்டாங்க. "இவங்க தப்புத் தப்பா பண்ணாங்க. ஆனா கதவு திறந்திருக்கு" அப்படின்னார்.

இத்தனை வருஷம் சீசன் டிக்கெட்டுக்குப் போட்ட பணத்தைக் கணக்குப் பார்த்திருக்கீங்களான்னு கேட்டேன். சிஏ புத்தி, விடாது.

"எதுக்குப் பார்க்கணும்? திரும்பி வரும்னு நான் எப்பவும் நினைச்சதில்ல. இதுவும் பப்புக்குப் போற காசும் ஒரே டப்பா. பூனேக்காரங்கதான் பாவம், திரும்பி வரும்னு நினைச்சு வாங்கிட்டாங்க."

ரயில்ல திரும்பி வரும்போது போன்ல எக்செல் திறந்தேன். அந்த பெரியவர் தன் பணத்தை செலவுன்னு எழுதி வச்சிருக்கார், அதனால அவருக்கு நஷ்டமே இல்ல. ஓனர் அதையே முதலீடுன்னு எழுதிட்டாங்க. ஒவ்வொரு வருஷமும் முந்தின வருஷத்துப் பணத்தைக் காப்பாத்தறதுக்காக இன்னும் கொஞ்சம் போட வேண்டியிருக்கு. என் முன்னாடி இருந்த 12 லட்சத்தை நான் எந்தத் தலைப்புல எழுதப் போறேன்?

ஊருக்கு வந்ததும் மில்லுக்குப் போய் மூணு வருஷத்துக் கணக்கைக் கேட்டேன். சித்தப்பா எடுத்துக் குடுத்தார். ஈபி பில், சிசி லிமிட்டுக்கு வட்டி, நெல்லு வரத்து, தவிடு குருணை வித்த காசு, எல்லாம் ஒரு நோட்டுல. 2022ல 25 கிலோ வரைக்கும் பேக் பண்ணின அரிசிக்கு ஜிஎஸ்டி வந்தப்போ எல்லாரும் 26 கிலோ மூட்டைக்கு மாறினாங்களே, அந்தப் பை அடிச்ச செலவு கூட தேதி போட்டு இருந்தது. கணக்குல தப்பே இல்ல. ஒரே ஒரு வரி மட்டும் இல்ல: சித்தப்பாவோட சம்பளம். அதைப் போடாமலே வருஷத்துக்கு நாலு லட்சம் நஷ்டம். இப்ப அரைக்கிற நெல்லு அளவுக்கு, சார்ட்டெக்ஸ் வந்தாலும் கிடைக்கற கூடுதல் விலை மிஷினோட வட்டிக்கே பத்தாது.

மில் வாசல்ல கயித்துக் கட்டில்ல உட்கார்ந்து சொன்னேன். "சித்தப்பா, பார்ட்னரா என்னால வர முடியாது. 3 லட்சம் தரேன். கடனும் இல்ல, பங்கும் இல்ல. நீங்க திருப்பித் தர வேண்டாம். சிசி வட்டியை அடைச்சுட்டு, கட்டடத்தை குடோனா வாடகைக்கு விடற கணக்கைப் பாருங்க. அதையும் ஷீட்டுல போட்டிருக்கேன்."

அவர் ரொம்ப நேரம் பேசல. உமி பறந்துட்டு இருந்தது.

"பங்கு கேட்டா பிச்சை போடறியாடா?"

அந்த வார்த்தைக்கு எக்செல்ல செல் இல்ல. எழுந்து உள்ள போயிட்டார். அப்பா என்கிட்ட ரெண்டு நாள் சரியாப் பேசல. அம்மா மட்டும், "நீ சொன்னது சரிதான், சொன்ன இடம் தப்பு. ஆளுங்க முன்னாடியா சொல்லுவ?"ன்னாங்க. அது உண்மை. மூட்டை தூக்கறவங்க ரெண்டு பேர் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தாங்க, நான் கவனிக்கல.

பத்து நாள் கழிச்சு சித்தப்பா போன் பண்ணினார். பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. மிஷினை வேற யாரோ வாங்கிட்டாங்களாம். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அந்த குடோன் கணக்கு போட்டியே, அதை வாட்ஸ்அப்ல அனுப்பு. உன் சித்திகிட்ட காட்டணும்"ன்னார்.

அனுப்பினேன். ரெண்டு ப்ளூ டிக் விழுந்திருக்கு.