இடைக்காலமும் நிரந்தரமும்

அடுத்த நிரந்தரப் பயிற்றுநர் யார் என்று வாதிடும்போது, காற்பந்து இரசிகர்கள் இரண்டு வேலைகளை ஒன்றாக எண்ணிவிடுகிறார்கள் என்பது என் கருத்து.

மென்செஸ்டர் யுனைடெட்டையே எடுத்துக்கொள்வோம். 2018 டிசம்பரில் மொரின்யோ நீக்கப்பட்டதும் முன்னாள் ஆட்டக்காரர் சோல்ஷர் இடைக்காலப் பொறுப்பேற்றார். முதல் 8 ஆட்டங்களிலும் வெற்றி! 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் அவர் அடித்த வெற்றிக் கோலை மறவாதவர்கள் ‘இவரே போதும்’ என்றனர். ‘பருவம் முடியட்டும்’ என்றனர் சிலர். 19 ஆட்டங்களில் 14 வெற்றியுடன் 2019 மார்ச் 28-இல் அவர் நிரந்தரமானார். அப்பருவத்தில் எஞ்சிய 10 ஆட்டங்களில் வெற்றி இரண்டே. 2020-21-இல் லீக்கில் இரண்டாம் இடம் கிடைத்தும் கிண்ணம் எதுவும் வரவில்லை. 2021 நவம்பரில் நீக்கப்பட்டார்.

துவண்ட அணியைத் தேற்றுவது ஒரு வேலை. ஆண்டுக்கணக்கில் அணியைக் கட்டுவது வேறு வேலை. முதலாவதில் பெற்ற மதிப்பெண்ணை இரண்டாவதற்குக் கொடுக்கலாமா, நண்பர்களே?