உங்களுக்குத் தெரியுமா? கையை வீசினால் ஆட்டம்!

டிவி முன் நின்று கையை வீசினால் திரையில் டென்னிஸ் பந்து பறக்கும். 2006 நவம்பரில் அமெரிக்காவில் அறிமுகமான நின்டென்டோவின் ‘வீ’ கன்சோல் உலகையே இப்படி ஆட வைத்தது. அது நிஜமாகவே புதுமைதானா?

★ உடலசைவால் விளையாடும் யோசனை ‘வீ’க்கு முன்பே இருந்தது. நின்டென்டோவின் பழைய கன்சோலுக்காக 1989-லேயே ‘பவர் குளோவ்’ என்ற கையுறையை மேட்டல் நிறுவனம் விற்றது. ஆனால், கை ஒரு பக்கம் போக, திரையில் ஆட்டம் வேறு பக்கம் போனது. கையுறை நிலைக்கவில்லை.

★ 1993-ல் சேகா நிறுவனம் ‘ஆக்டிவேட்டர்’ என்ற எண்கோண வளையத்தைக் கொண்டுவந்தது. அதன் நடுவே நின்று, அகச்சிவப்புக் கதிர்களைக் கை கால்களால் மறித்து விளையாட வேண்டும். அதுவும் எடுபடவில்லை. 2003-ல் சோனி, ஆடுபவரின் அசைவைப் பார்க்கும் ‘ஐடாய்’ கேமராவுடன் வந்தது.

★ ‘வீ’ ரிமோட்டுக்குள் இருப்பது ஆக்சலரோமீட்டர் சிப். அதில் மிகச் சிறிய சிலிக்கான் துண்டு ஒன்று நுண்ணிய ஸ்பிரிங்குகளில் நிற்கிறது. கையை வீசும்போது அது துளியளவு நகரும். அந்த நகர்வு மின் சமிக்ஞையாகிறது. இந்த வகை சிப்புகள் ‘வீ’க்குப் பல ஆண்டுகள் முன்பே கார்களில் ஏர்பேக்கை விரியச் செய்யும் வேலையைப் பார்த்துவந்தன.

★ டிவி மேல் வைக்கும் ‘சென்சார் பார்’ எதையும் உணர்வதில்லை! அதில் இருப்பவை அகச்சிவப்பு விளக்குகள் மட்டுமே. அவற்றைப் பார்க்கும் கேமரா ரிமோட்டின் முனையில் இருக்கிறது. சென்சார் பார் பழுதானால், அதே இடைவெளியில் இரண்டு மெழுகுவத்திகளை ஏற்றி வைத்தும் விளையாடலாம்.

★ ‘வீ’ வந்த அதே மாதம் வெளியான சோனியின் பிளேஸ்டேஷன் 3, எச்.டி. தரத்தில் படம் காட்டியது. குறைந்தபட்ச விலை சுமார் 500 டாலர். ‘வீ’யில் எச்.டி. கிடையாது, விலை சுமார் 250 டாலர். கடைசியில் 10 கோடிக்கு மேல் விற்றது ‘வீ’தான்.

★ பழகிய, மலிவான தொழில்நுட்பத்தைப் புது வழியில் பயன்படுத்துவது நின்டென்டோவின் ‘கேம் பாய்’ கையடக்கக் கருவியை உருவாக்கிய குன்பே யோகோயின் கொள்கை. அவர் 1997-ல் மறைந்தார். ‘வீ’ அந்தக் கொள்கையின் வழியில் பிறந்ததே.

★ ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலான நாடுகளில் ‘வீ ஸ்போர்ட்ஸ்’ என்ற கேம் கன்சோலுடனேயே கிடைத்தது. அதன் டென்னிஸில் வீரர் பந்தை நோக்கித் தானே ஓடுவார். நம் வேலை மட்டையை வீசுவது மட்டும். வீடியோ கேம் பக்கமே போகாத தாத்தா பாட்டிகளும் ஆட வந்ததற்கு இந்த எளிமையே காரணம்.

★ வீசிய வேகத்தில் ரிமோட்டைக் கையோடு பிணைக்கும் கயிறு சிலருக்கு அறுந்துபோனது. 2006 டிசம்பரிலேயே சுமார் 32 லட்சம் கயிறுகளை மாற்றித் தர நின்டென்டோ முன்வந்தது.

★ குறையும் உண்டு. சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டைச் சொடுக்கினாலே ‘வீ’ அதை முழு வீச்சாக எடுத்துக்கொள்ளும். கை திரும்புவதையும் சரியாகப் பிடிக்க, 2009-ல் கைரோஸ்கோப் கொண்ட ‘மோஷன் பிளஸ்’ துணைக்கருவி வர வேண்டியிருந்தது.

★ 2010-ல் அசைவால் விளையாட, சோனி ‘மூவ்’ கருவியையும் மைக்ரோசாஃப்ட் ‘கினெக்ட்’ கேமராவையும் களமிறக்கின. ‘வீ’யின் தாக்கத்துக்கு, போட்டியாளர்களே பின்தொடர்ந்து வந்ததைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

சிப்பும் புதிதல்ல, யோசனையும் புதிதல்ல. ஆனால், ‘எனக்கு இதெல்லாம் வராது’ என்று விலகி நின்றவர்களை மனத்தில் வைத்து ஒரு கன்சோலை முழுவதுமாக வடிவமைத்தது புதிது. புதுமையைப் பாகங்களில் தேடாமல், அது யாரை உள்ளே அழைத்து வந்தது என்று பார்த்தால், ‘வீ’ அசல் புதுமையேதான்!