ஸ்பிரிங்கில் ஒரு வளையம் குறைந்தால் என்ன ஆகும்?

மாணவர்களே, பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ நின்று பார்த்தால், தரையை உரசுவதுபோல் தாழ்ந்து செல்லும் கார் ஒன்றாவது கண்ணில் படலாம். காரைத் தாழ்த்தப் பல வழிகள் உண்டு. அவற்றுள் மலிவானது, சக்கரத்தின் அருகே காரின் எடையைத் தாங்கி நிற்கும் சுருள்வில்லை, அதாவது ஸ்பிரிங்கை, வெட்டிவிடுவது. அப்படி வெட்டினால் கார் தாழ்வதோடு நிற்பதில்லை; ஒவ்வொரு மேடும் பள்ளமும் முதுகில் இடிக்கத் தொடங்குகிறது. காரணம் உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

ஹூக்கின் விதி

ஒரு ஸ்பிரிங், மீள்தன்மை எல்லைக்குள், தன்மீது செயல்படும் விசைக்கு நேர்விகிதத்தில் நீளும் அல்லது சுருங்கும். இந்த விதியை ஆங்கிலேய அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1678-இல் விளக்கி வெளியிட்டார். ஸ்பிரிங்கை 1 மில்லிமீட்டர் சுருக்க எவ்வளவு விசை தேவையோ அதுவே அதன் ஸ்பிரிங் மாறிலி. மாறிலி கூடினால் ஸ்பிரிங் விறைப்பாகும்.

எளிய எண்களை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். ஒரு ஸ்பிரிங்கில் 6 வளையங்கள். மொத்த நீளம் 360 மி.மீ. அதன்மீது காரின் எடையில் 3,000 நியூட்டன் இறங்குகிறது. ஒவ்வொரு வளையமும் 25 மி.மீ. சுருங்குகிறது என்றால், மொத்தச் சுருக்கம் 150 மி.மீ. ஆகவே மாறிலி, மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன்.

இப்போது ஒரு வளையத்தை வெட்டுங்கள். காரின் எடை மாறவில்லை. எஞ்சிய 5 வளையங்களும் முன்போலவே 25 மி.மீ. வீதம்தான் சுருங்கும். மொத்தச் சுருக்கம் 125 மி.மீ. மாறிலி 24 நியூட்டனாகிவிட்டது. விறைப்பு 20 விழுக்காடு கூடிவிட்டது! வெட்டி எடுத்தது 60 மி.மீ.; ஆனால் கார் தாழ்ந்ததோ 35 மி.மீ. மட்டுமே. இது போதாதென்று இன்னொரு வளையத்தையும் வெட்டினால், மாறிலி 30 நியூட்டனுக்கு ஏறிவிடும்.

மேட்டில் ஏறும்போது

தாமானில் உள்ள வேகத்தடையில் ஏறும்போது ஸ்பிரிங் மேலும் 50 மி.மீ. சுருங்க வேண்டும் என்போம். பழைய ஸ்பிரிங் காரின் உடலை 1,000 நியூட்டன் கூடுதல் விசையுடன் மேலே தள்ளும். ஒரு வளையம் வெட்டியது 1,200 நியூட்டனுடன் தள்ளும்.

அடுத்த சிக்கல் இடம். காரின் உடலும் சக்கரத் தண்டும் மோதாதிருக்க நடுவில் ஒரு தடுப்பு ரப்பர் இருக்கும். முன்பு அதற்கு 80 மி.மீ. இடைவெளி இருந்திருந்தால், கார் தாழ்ந்தபின் 45 மி.மீ. தான் மிச்சம். 50 மி.மீ. சுருங்குவதற்குள் ரப்பரில் ‘டமார்’ என்று இடிக்கும். குடும்பத்தோடு நான்கைந்து பேர் ஏறினால் இடைவெளி இன்னும் குறையும்.

ஷாக் அப்சார்பரும் திணறும். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது அதன் வேலை. பழைய ஸ்பிரிங்குக்கு ஏற்பச் செய்யப்பட்ட அப்சார்பரால், விறைத்த ஸ்பிரிங்கைச் சரியாக அடக்க முடியாது. கரடுமுரடான சாலையில் டயர் துள்ளி, தரையின் பிடிப்பைக் கணநேரம் இழக்கும். பிரேக்கும் ஸ்டீயரிங்கும் வேலை செய்வது அந்தப் பிடிப்பை நம்பித்தான். ஆக, கெடுவது சொகுசு மட்டுமல்ல, பாதுகாப்பும்தான்.

வெட்டிய முனை அதன் இருக்கையில் சரியாகப் பொருந்தாமலும் போகலாம். சக்கரம் ஆழமான குழியில் இறங்கும்போது, குட்டையான ஸ்பிரிங் தளர்ந்து இடம் மாறக்கூடும். நெருப்பால் வெட்டினால் ஆபத்து இன்னும் அதிகம்: ஸ்பிரிங் எஃகின் வலிமை, அளவாகச் சூடாக்கிக் குளிர்விக்கும் பதப்படுத்தலால் வந்தது, நெருப்பின் வெப்பம் அதைக் கெடுத்துவிடும்.

அப்படியானால் பந்தயக் கார்கள் தாழ்வாக இருப்பது ஏன்? ஈர்ப்பு மையம் தாழ்ந்தால் வளைவில் கார் சாய்வது குறையும். ஆனால் அவற்றில் ஸ்பிரிங், அப்சார்பர், தடுப்பு ரப்பர் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு வடிவமைக்கப்படுகின்றன.

செய்து பாருங்கள்

தீர்ந்துபோன இரண்டு பேனாக்களிலிருந்து ஒரே மாதிரியான ஸ்பிரிங்குகளை எடுங்கள். ஒன்றைப் பாதியாக வெட்டுங்கள். முழு ஸ்பிரிங்கையும் பாதி ஸ்பிரிங்கையும் 5 மி.மீ. அழுத்திப் பாருங்கள். பாதி ஸ்பிரிங்குக்கு ஏறத்தாழ இரு மடங்கு விசை தேவைப்படும். கம்பி அதே கம்பிதான். சுமையைப் பங்கிட்டுச் சுருங்கும் வளையங்கள்தாம் குறைந்துவிட்டன.